எண்ணும் எழுத்தும்: திருத்தணி எல்லையில் ஒரு பெற்றோரின் மதிப்புரை

பெருந்தொற்றுக் காலக் கற்றல் இடைவெளியைக் குறைக்கவும், 2025-க்குள் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வழிசெய்யத் தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய இத்திட்டத்தை, திருத்தணி வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் என் மகள் வழியாக இரண்டாண்டுகள் பார்த்திருக்கிறேன்.

வகுப்பைப் பாராமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிப்பதுதான் இதன் பலம். எங்கள் வீட்டில் தெலுங்குதான். 'பழம்' என்பதைப் 'பளம்' என்றே சொல்லி வந்தவள் முதற்பருவம் முழுதும் அரும்பிலேயே இருந்தாள். பாட்டும் கதையுமாக நடந்த வகுப்பில் கூச்சம் தெளிந்து, இப்போது பேருந்துப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். (நகரிப் பேருந்தின் தெலுங்குப் பலகையை மட்டும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.)

குறை ஆள்பலத்தில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களை வகுத்திருக்கிறது. ஐந்து வகுப்புகளையும் பார்க்கும் அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், மூன்று நிலைகளும் ஒரே கரும்பலகைக்கு முன் உட்காருகின்றன. எல்லையோர ஒன்றியங்களுக்கு மாற்று ஆசிரியரையும், தெலுங்கு அறிந்த ஒருவரையும் விதியாகவே வைக்க வேண்டுமெனப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.