ஓஎம்ஆர் பேரண்ட்டிங் க்ளாஸ், காசு கட்டிப் போலாமா?

சென்னை ஓஎம்ஆர்ல ஒரு கவுன்சலிங் சென்டர்ல சனிக்கிழமை மதியம் நடக்குது, பேர் போடல, கீழ கொஞ்சம் திட்டப் போறேன்.

போனதும் பிள்ளைய எப்படி வளர்க்கணும்னு பாடம் ஆரம்பிக்கல, ஒரு பேப்பர் குடுத்தாங்க. பிள்ளை வளர்க்குறதுல பெத்தவங்க எவ்ளோ களைச்சுப் போயிருக்காங்கன்னு அளக்குற 23 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 6 வரை மார்க், 0ன்னா எப்பவுமே இல்ல, 6ன்னா தினமும். பெல்ஜியத்துல ரோஸ்காம், மிகோலாய்சாக்னு ரெண்டு ப்ரொஃபசருங்க டீம் 2018ல வெளியிட்டதாம். தூங்கி எந்திரிச்சும் அலுப்பு போகலியா, ஊட்டுறது குளிப்பாட்டுறதெல்லாம் மெஷின் மாதிரி நடக்குதா, முன்ன இருந்த அம்மாவா இப்ப நான் இல்லன்னு தோணுதா, இந்த ரகம். பக்கத்துல இருந்தவங்க பாதியிலயே பேனாவ வச்சுட்டு மூக்கத் துடைச்சுட்டு இருந்தாங்க, மேடம் அவசரப்படுத்தவே இல்ல, அதுக்கே ஒரு ஸ்டார்.

அப்புறம்தான் வளர்ப்பு ஸ்டைல். பாம்ரிண்ட்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1960கள்ல பிரிச்சது, சொன்னத செய் ஏன்னு கேக்காதன்னு ஒண்ணு, ரூல் போட்டு காரணமும் சொல்றது ஒண்ணு, பாசமா இருந்துட்டு ரூலே போடாம கேட்டதுக்கெல்லாம் சரின்னு விடுறது ஒண்ணு. நம்ம வீடுகள்ல மொத டைப்புக்குத்தான் மவுசு. பேரண்ட்ஸ் பர்ன்அவுட் ஆனா, அதாவது இப்படி ஒரேயடியா களைச்சுப் போனா, அடி திட்டும் கூடுது, பிள்ளைய கண்டுக்காம விடுறதும் கூடுதுன்னு அந்த பெல்ஜியம் டீம் ஸ்டடிலயே வந்திருக்காம், இதுல "அடியாத மாடு படியாது"ன்னு நம்புற வீடா இருந்தா யோசிச்சுக்கோங்க. களைப்புக்கு க்ரூப் தெரபி குடுத்தப்ப அடி, அலட்சியம் ரெண்டுமே கொறஞ்சுதுன்னு 2020 ஸ்டடியும் காட்டினாங்க.

அதனால ஹோம்வொர்க் என்னன்னா, புதுசா எதையும் செய்யாத, செய்யறதுல ஒண்ண விடு. மத்த க்ளாஸ்ல சார்ட் ஒட்டு, ஸ்கிரீன் டைம் எழுதுன்னு இருக்குற அலுப்புக்கு மேல இன்னும் ஏத்தி விடுவாங்க, இவங்க எறக்குறாங்க. நான் ஸ்கூல் ப்ராஜெக்ட்ட விட்டேன், தெர்மாகோல் தாஜ்மஹால் கோணலா நிக்குது, அவன் ஒட்டினது, நிக்கட்டும்.

இப்ப திட்டு. பிள்ளைங்கள பாத்துக்க ஆளே இல்ல, தனியா வளர்க்குற அம்மா எப்படிங்க வருவா? அப்பாக்கள இழுத்துட்டு வர ஒரு முயற்சியும் இல்ல, வந்ததெல்லாம் பொம்பளைங்க, பாதி களைப்புக்கு காரணமே வீட்ல சோபாவுல இருக்கு. நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ். அதுல 1098 சைல்ட் ஹெல்ப்லைனும் இல்ல, மனசு தாங்கலன்னா கூப்புடுற டெலிமானஸ் 14416ம் இல்ல, இந்த டாபிக் எடுக்குறவங்க மொத பக்கத்துல போட வேணாமா?

அஞ்சுக்கு மூணரை. ரீஃபண்ட் கிடையாதாம், மொத க்ளாஸ் ட்ரையலா வரலாமான்னு கேட்டுட்டு கட்டுங்க.