ஒரே பீடத்து அறையா, கலந்த அறையா?

சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரே மொழி, ஒரே ஆர்வம் உள்ளவர்களை விடுதியின் ஒரு தளத்தில் சேர்த்து வைப்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமான இலங்கையின் வவுனியாவுக்கு, அது இருக்கும் பம்பைமடுவின் மாணவர் விடுதிக்கு, அது பொருந்துமா?

ஒரே பீடத்தவர், அதாவது ஒரே துறைப் பிரிவில் படிப்பவர்கள், சேர்ந்திருந்தால் சோதனைக் காலத்தில் பெரிய உதவி. நள்ளிரவில் கணக்குப் பிடிபடாவிட்டால் பக்கத்துக் கட்டிலைத் தட்டினால் போதும். ஆனால் பதற்றமும் எல்லாருக்கும் ஒரே நாளில் வரும்.

வேறு வேறு பீடத்தவரும் தமிழ், சிங்களம் பேசுபவர்களும் கலந்த அறை வேறு. கேத்திலில் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் முல்லைத்தீவுப் பிள்ளை மாத்தறைப் பிள்ளையிடம் நாலு சிங்களச் சொல் கேட்பாள். மாத்தறைப் பிள்ளை தமிழில் "சாப்பிட்டியோ" என்று சொல்லிப் பழகுவாள். ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் இது கிடைக்காது. முதல் வருடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். இறுதி வருடம், ஆய்வறிக்கை எழுதும்போது, விரும்பினால் ஒரே பீடத்து அறைக்கு மாறட்டும்.