ஜாங்கோ செட்டிங்ஸ் எடிட்டர்: கோப்பைத் திருத்துவதா, டேட்டாபேஸில் வைப்பதா?

பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவுக்கு, அதன் அமைப்பு மதிப்புகளை மாற்றித் தரும் ஒரு செட்டிங்ஸ் எடிட்டர் எழுத உட்கார்ந்தால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மதிப்புகளை எங்கே எழுதப் போகிறோம் என்பதுதான்.

செட்டிங்ஸ் கோப்பையே திருத்தலாம். ஆனால் அது பைத்தான் நிரல், வெறும் பட்டியல் இல்லை. பிழை விவரங்களைக் காட்டச் சொல்லும் டீபக் என்பதற்கு நேராக ட்ரூ (ஆம்) என்று இருக்கும் என நினைத்துத் திறந்தால், சூழல் மாறியிலிருந்து, அதாவது நிரலுக்கு வெளியே வைத்த மதிப்பிலிருந்து, எடுத்து ஒப்பிடும் ஒரு வரி இருக்கும். அதை எடிட்டர் ஒரு டிக் பெட்டியாகக் காட்டிச் சேமித்தால் அந்தத் தர்க்கமே அழிந்துபோகும். நிரலின் கட்டமைப்பை அலசப் பைத்தானோடு வரும் ஏஎஸ்டி மாட்யூலால் படித்துத் திரும்ப எழுதினால் கமெண்டுகள் எல்லாம் காணாமல் போகும், லிப்சிஎஸ்டி என்ற நூலகம் அவற்றையும் இடைவெளிகளையும் அப்படியே காப்பாற்றும். நன்மை என்னவென்றால், மாற்றத்தைக் கிட்டில் (நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) கமிட் செய்தால் பதிவாகும், யார் எப்போது மாற்றினார் என்று தெரியும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்தான் அமலுக்கு வரும்.

டேட்டாபேஸ் வழிக்கு ஜாங்கோ-கான்ஸ்டன்ஸ் என்ற தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. இயல்பு மதிப்பைக் கோப்பில் அறிவித்துவிட்டால் அட்மின் பக்கத்தில் படிவம் தானாக வரும், ரீஸ்டார்ட் வேண்டாம். ஆனால் டேட்டாபேஸ் இணைப்பு விவரத்தை டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்க முடியாது, ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து செல்லும் மிடில்வேர் பட்டியலும் தொடக்கத்திலேயே ஏறிவிடும். இயங்கும்போது செட்டிங்ஸை மாற்றாதீர்கள் என்று ஜாங்கோ ஆவணமே சொல்கிறது, அதனால்தான் கான்ஸ்டன்ஸ் தனியாக ஒரு கான்ஃபிக் பொருளைத் தருகிறது.

தளத்தை நடத்துபவர் மாற்றும் அறிவிப்பு வாசகம், பக்க அளவு போன்றவற்றுக்கு நான் தயங்காமல் கான்ஸ்டன்ஸ் பக்கம்தான். டெவலப்பர் தொடும் மற்றவை கோப்பிலேயே இருக்கட்டும்.