பள்ளி 800 மீட்டர் தூரம், ஆனாலும் ஸ்கூல் பஸ்: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீட்டு வாசலிலிருந்து மகள் படிக்கும் பள்ளியின் கேட் வரை 800 மீட்டர்தான். வண்டி மீட்டரில் இரண்டு முறை அளந்திருக்கிறேன். சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போகும் ஏற்காடு ரோட்டுக்கு மேற்கே ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் வீடு. ரோட்டுக்குக் கிழக்கே, கொஞ்சம் வடக்கே தள்ளி உள்ளே பள்ளி. 2022 ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம், 2025 ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு முடித்தாள். முதல் மூன்று வாரம் நீங்கலாக இவ்வளவு நாளும் ஸ்கூல் பஸ்ஸில்தான் போய் வந்தாள். "கூப்பிடு தூரத்துக்கு எதுக்குங்க பஸ்?" என்று கேட்காத ஆள் இல்லை. இதே குழப்பத்தில் இருக்கும் பெற்றோர்களுக்கு உதவட்டும் என்று பார்த்ததை எல்லாம் எழுதுகிறேன்.

முதலில் நடக்கத்தான் வைத்தோம். நானும் கணவரும் எட்டு மணிக்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் மாமனார்தான் கூட்டிப்போனார். அவருக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. தெருவிலிருந்து ரோட்டுக்கு வந்ததும் ஓரமாக நடக்க இடமில்லை. சாக்கடை மேல் போட்ட பலகைக்கல் சில இடங்களில் உடைந்திருக்கும், மற்ற இடங்களில் வண்டிகள் நிற்கும். அவற்றைச் சுற்றிப் போக ரோட்டில்தான் இறங்க வேண்டும். காலை நேரத்தில் கோரிமேடு மகளிர் கலைக் கல்லூரிக்குப் போகும் பெண்கள் கூட்டம், டவுன் பஸ், கம்பெனி பஸ், ஏற்காட்டுக்குப் போகும் கார்கள் எல்லாம் ஒன்றாக வரும். அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு முன்னால் கிடைக்கும் நேர் ரோடு இது என்பதால் எல்லோரும் இங்கே விரட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னும் மோசம்.

ஒருநாள் லீவு போட்டு நானே கூடப் போனேன். ரோட்டைக் கடக்க மட்டும் நாலு நிமிடம் நின்றோம். நிறுத்தியிருந்த ஒரு காரின் பக்கத்தில் நின்றபோதுதான் கவனித்தேன், மகள் அந்த பானெட் உயரம்கூட இல்லை. எதிரே வருகிறவனுக்கு அவள் தெரியவே மாட்டாள். அன்று ராத்திரியே பஸ் கேட்பது என்று முடிவு செய்தோம்.

பள்ளியில் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு வண்டி கிடையாது என்பது அவர்கள் வழக்கம். எனக்குத் தெரிந்து பல பள்ளிகளில் இப்படித்தான். பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் சீட் தூரத்துப் பிள்ளைக்கு இல்லாமல் போகும் என்பது அவர்கள் பக்க நியாயம், அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கு எதைச் சொல்கிறது? கல்வி உரிமைச் சட்ட விதிகளில்கூட 1 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. குழந்தையின் கால் வலிக்காமல் இருக்க அது சரியான அளவு. நடுவில் என்ன ரோடு இருக்கிறது என்பது அந்த அளவுக்குள் வராது. அழகாபுரத்தில் ஓர் உள்தெருவில் இருக்கும் என் அக்கா மகன் ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தே போகிறான், ஒரு பெரிய ரோடுகூடக் குறுக்கே இல்லை. அவனுக்கு பஸ் தேவையில்லை, என் மகளுக்குத் தேவை. இதைத்தான் மறுபடி மறுபடி பள்ளியில் சொன்னேன்.

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் அதே பள்ளிக்குப் போகும் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று வீடும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதிக் கொடுத்தோம், வீடு எந்தப் பக்கம், பள்ளி எந்தப் பக்கம், எங்கே கடக்க வேண்டியிருக்கிறது என்று கையால் ஒரு படமும் வரைந்தோம். தனியாகக் கேட்டபோது கிடைக்காதது இப்படிக் கேட்டபோது ஒரே வாரத்தில் கிடைத்தது. குறைந்த தூரக் கட்டணம்தான் வாங்கினார்கள்.

காலை நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதில் பெரிய சிக்கல் இல்லை. பஸ் அஸ்தம்பட்டிப் பக்கமிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே வரும். கதவு இடதுபக்கம், எங்கள் தெருவும் இடதுபக்கம். நாங்கள்தான் கடைசி ஸ்டாப்பிங். ஐந்து நிமிடத்தில் பள்ளி. கடைசியில் ஏறுவதால் சீட் நிரம்பியிருக்கும், முதல் மாதம் என் மகள், பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மாவின் மடியிலோ நின்றுகொண்டோ போனாள். சொன்ன பிறகு, முன்வரிசையில் மூன்று இடம் எங்கள் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். ஐந்து நிமிடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பிரேக் அடித்தால் நிற்கும் குழந்தை எங்கே போய் மோதும் என்று யோசியுங்கள்.

சாயங்காலம்தான் முழுப் பிரச்சினை. பள்ளியிலிருந்து வெளியே வரும் பஸ் தெற்கே அஸ்தம்பட்டி நோக்கிப் போகும். அப்போது கதவு கிழக்கே திறக்கும், வீடு மேற்கே. அதாவது எந்த ரோட்டைக் கடக்க வேண்டாம் என்று பஸ் கேட்டோமோ அதே ரோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடக்க வேண்டியதாயிற்று. மாமனார் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் போய் நின்று அழைத்து வருவார். முதல் நாலைந்து மாதம் இப்படி ஓடியது.

ஒருநாள் வழக்கமான டிரைவர் இல்லை. பஸ் பத்து நிமிடம் முன்னால் வந்துவிட்டது. மாமனார் அப்போதுதான் தெருமுனைக்கு வந்திருந்தார், ரோட்டுக்கு இந்தப் பக்கம். பஸ்ஸைப் பார்த்ததும் கையை ஆட்டினார். அவர் அவளை நிற்கச் சொல்லித்தான் ஆட்டினார். தாத்தா கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் குழந்தை. இறங்கியவள் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ஓடி வந்தாள். பஸ்ஸைத் தாண்டி வலதுபக்கமாக வந்த ஒரு பைக்காரர் எப்படி நிறுத்தினார் என்று தெரியவில்லை, ஒரு முழம் இடைவெளியில் நிறுத்தினார். அவளுக்குக் கீறல்கூட இல்லை. மாமனார் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. என்னாலும் இன்றுவரை அதை மறக்க முடியவில்லை.

அதன் பிறகு எங்கள் மூன்று வீட்டிலும் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு யாரும் குழந்தையின் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கை காட்டக் கூடாது. குழந்தை இறங்கும் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஆயாம்மா இறக்கவே கூடாது, பள்ளிக்கே திருப்பிக் கொண்டுபோகலாம், நாங்கள் வந்து கூட்டிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். மூன்று வருடத்தில் இரண்டு முறை அப்படித் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு முறையும் மனசாரத்தான் நன்றி சொன்னேன்.

ஆனாலும் கடப்பது கடப்பதுதான். அப்போது அந்த ஆயாம்மாவே ஒரு வழி சொன்னார். பஸ் முதல் டிரிப்பை இறக்கிவிட்டு, அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி, இரண்டாவது டிரிப் எடுக்கப் பள்ளிக்குத் திரும்பி வரும். அப்படித் திரும்பும்போது வடக்கே வருகிறது, கதவு எங்கள் பக்கம். "போறப்ப இறக்க வேண்டாம், வர்றப்ப இறக்கறேன்" என்றார். 25 நிமிடம் கூடுதல். வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவதா என்று முதலில் மனசு கேட்கவில்லை. இப்போது அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று நினைக்கிறேன். மகள் போகும்போது ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொள்வாள், வரும்போது வீட்டு வாசல் பக்கத்தில் இறங்குவாள். ரோட்டைத் தொடுவதே இல்லை.

இதிலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. ஒன்று தூக்கம். சாயங்கால வெயிலில் 25 நிமிடம் உட்கார்ந்தால் சின்னப் பிள்ளை தூங்கிவிடும், சீட்டில் சரிந்தால் வெளியிலிருந்து தெரியாது. யு.கே.ஜி.யில் ஒருநாள் அவளோடு இறங்கும் பையன் தூங்கி, பள்ளிக்குள் போன பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ஆயாம்மா கடைசி சீட் வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார். உங்கள் பள்ளியில் இதை யார் செய்கிறார்கள் என்று பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, திரும்பும் டிரிப்பில் வண்டி கிட்டத்தட்டக் காலி. நடுவில் ஒரு வாரம் ஆயாம்மா தன் வீட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டார், பிள்ளைகளும் டிரைவரும் மட்டும் வந்தார்கள். டிரைவர் அண்ணன் நல்ல மனிதர், அவர்மேல் எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்தாலும் கடைசிக் குழந்தை இறங்கும்வரை பெண் உதவியாளர் வண்டியில் இருக்க வேண்டும் என்று தயங்காமல் சொன்னேன், சரி செய்தார்கள்.

வண்டியைப் பற்றி. மஞ்சள் பஸ், ஜன்னலில் குறுக்குக் கம்பி, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னவை. அதே வழிகாட்டுதலில், பெற்றோர் யாரும் வண்டியில் கூடப் போய்ப் பார்க்கலாம் என்றும் இருக்கிறது. அதைச் சொல்லி ஒருநாள் முழு டிரிப்பும் போனேன். உட்கார்ந்து பார்த்தால் தெரிவது கீழே நின்று பார்த்தால் தெரியாது. டிரைவர் சீட்டில் ஏறி அமர்ந்து, என் மகளைப் பஸ்ஸுக்கு நேர் முன்னால் நிற்கச் சொன்னேன். அவள் தலை எனக்குத் தெரியவில்லை. நாலைந்து எட்டு பின்னால் போன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு பெற்றோரும் இதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பகுதியில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே பள்ளி வேன் மோதி ஒரு சிறுவன் இறந்தான். முன்னும் பின்னும் கேமரா வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது. இரண்டு பேரும் 2-ஆம் வகுப்பு. என் மகள் இந்த ஜூனில் 2-ஆம் வகுப்பு போகிறாள். ஒவ்வொரு மே மாதமும் ஆர்.டி.ஓ. ஆட்கள் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்கள், படிக்கட்டு, தரைப்பலகை, கேமரா, அவசரக் கதவு எல்லாம். எங்கள் பஸ்ஸில் கேமரா இரண்டாவது வருடம்தான் வந்தது. கீழ்ப்படி மட்டும் இன்னும் உயரம். மகள் எல்.கே.ஜி.யில் முட்டியை ஊன்றித்தான் ஏறுவாள், இறங்கும்போது குதிப்பாள். மடக்கு படி ஒன்று வைக்கச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறோம், இன்னும் வைக்கவில்லை.

நான் முதலில் யோசிக்காத ஆபத்து ஒன்று உண்டு, இடதுபக்கம் புகும் பைக். பஸ் ஓரமாக ஒட்டி நிற்காமல் நாலடி தள்ளி நின்றால், கதவுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் டூவீலர் நுழைகிறது. சரியான பக்கத்தில் இறங்கினாலும் இது உண்டு. அதனால் முதலில் ஆயாம்மா இறங்கி, பின்பக்கம் பார்த்துக் கையை நீட்டித் தடுத்த பிறகே பிள்ளைகள் இறங்க வேண்டும். வழக்கமான டிரைவர் ஓரமாக ஒட்டித்தான் நிறுத்துவார். மாற்று டிரைவர் வரும் நாட்களில் நாங்களே போய் அந்தச் சந்தில் நின்றுகொள்கிறோம்.

பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் பள்ளியில் கொடுத்தார்கள். சில நேரம் இரண்டு மூன்று நிமிடம் பின்தங்கிக் காட்டுகிறது, அதை நம்பிக் கடைசி நேரத்தில் கிளம்ப முடியாது. "ஆயாம்மா ஏத்திட்டாங்க" என்று வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஒரு வரிதான் எனக்கு ஆபீஸில் நிம்மதி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஏற்காட்டுப் போக்குவரத்து நின்றது. பள்ளி திறந்த பிறகும் ரோட்டில் கார்கள் குறைவாகவே இருந்தன. அந்த நாட்களில் மாமனாரும் மகளும் ஒருநாள் சாயங்காலம் நடந்தே வந்தார்கள், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நடப்பது கெட்டது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நடைபாதையும், காலையிலும் சாயங்காலத்திலும் கடக்கிற இடத்தில் ஒரு போலீஸ்காரரும் இருந்தால் இந்தப் பணத்தைக் கட்டவே மாட்டேன்.

உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் பெரிய ரோடு இல்லையென்றால் நடத்தியே கூட்டிப்போங்கள், பஸ் வேண்டாம். ரோடு இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் சாயங்காலம் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேளுங்கள். காலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், நாங்கள் அப்படித்தான் ஏமாந்தோம். முதல் டிரிப்பா இரண்டாவது டிரிப்பா என்றும் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று இரண்டாவது டிரிப்பில் போட்டால் பள்ளியிலேயே முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இந்த ஜூனில் சின்னவனும் எல்.கே.ஜி. போகிறான். இரண்டு பேருக்கும் பஸ்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடிதத்தின் கடைசி வரியில், மடக்கு படி எப்போது வரும் என்று நாலாவது முறையாகக் கேட்டிருக்கிறேன்.