கண் நரம்பு செல் திரும்ப முளைக்கும் என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள், கவனம்

வீட்டில் யாருக்காவது க்ளாக்கோமா (பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்) இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஸ்டெம் செல் (வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்) போட்டால் செத்துப்போன கண் நரம்பு திரும்ப வந்துவிடும் என்று சொல்லி எங்கள் பெரியப்பாவிடம் ஒரு தனியார் கிளினிக் இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கியது. வயிற்றிலிருந்து கொழுப்பை உறிஞ்சி, அதில் பிரித்தெடுத்த செல் என்று எதையோ கண்ணுக்குப் பின்னால் ஊசியாகப் போட்டார்கள். பார்வை துளியும் கூடவில்லை. பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம், "புது செல் வளர்ற நேரம், சொட்டு மருந்து வேண்டாம் ஐயா" என்று சொல்லி அழுத்தத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தவைத்ததுதான். பழைய டாக்டரிடம் திரும்பக் காட்டியபோது கண் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, வலது கண்ணில் மிச்சமிருந்த பக்கப் பார்வையும் சுருங்கிவிட்டது. க்ளாக்கோமாவில் போன பார்வையை மீட்க இன்றைக்கு எந்த மருந்தும் கிடையாது, அழுத்தத்தைக் குறைத்து இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும்.

பெரியப்பாவை நம்பவைத்தது அவர்கள் மேசையில் லேமினேட் செய்து வைத்திருந்த ஒரு பிரிண்ட் அவுட். 2017-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த கட்டுரை. ஆய்வு நிஜமானது, நல்ல ஆய்வும்கூட. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரே குழு செய்தது. ஜீப்ரா மீனுக்கு விழித்திரை சேதமானால் அதிலுள்ள முல்லர் செல்கள் (நரம்பு செல்களுக்குத் துணையாக இருப்பவை) பெருகிப் புது நரம்பு செல்களை உண்டாக்கிவிடும். நமக்கும் முல்லர் செல் உண்டு, ஆனால் அந்த வேலையைச் செய்யாது. அதைச் செய்யவைக்க முடியுமா என்று மரபணு மாற்றிய எலிகளில் ஆஸ்கெல்1 என்ற மரபணுவை இயக்கி, கூடவே ஒரு மருந்தையும் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார்கள், சில செல்கள் மாறின. தலைப்பிலேயே 'வளர்ந்த எலிகளில்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பெரியப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குப் படத்தை மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

வயிற்றுக் கொழுப்புக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. அதில் உருவானவையும் பெரும்பாலும் விழித்திரையின் இடைப்பட்ட செல்கள்தான், க்ளாக்கோமாவில் சாவது கேங்லியன் செல்கள், அதாவது கண் பார்ப்பதை மூளைக்கு அனுப்புபவை. அப்புறம் அதே குழு கேங்லியன் போன்ற செல்களையும் கொண்டுவந்தது, அதுவும் எலியில்தான். மனிதனுக்கு என்றால் செல் பிறந்தால் மட்டும் போதாது, அதன் நார் பார்வை நரம்பு வழியாக மூளை வரை வளர்ந்து சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும்.

இந்தக் கொழுப்பு ஊசி ஆபத்தில்லாததும் அல்ல. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் மாகுலா சிதைவுக்காக (விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோய்) ஆளுக்கு 5,000 டாலர் கட்டி இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்ட மூன்று வயதான பெண்களுக்குப் பார்வை கடுமையாகப் பறிபோனது 2017-ல் மருத்துவ இதழிலேயே வெளிவந்தது.

நம் நாட்டில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டும்தான் போடலாம், அப்படி ஆய்வில் சேர்பவரிடம் அதற்குப் பணம் கேட்கக் கூடாது. யாராவது உங்களிடம் ஆய்வு என்று சொன்னால் சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள், இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். எங்கள் பில்லில் 'சிறப்பு சிகிச்சை' என்று மட்டும் போட்டிருக்கிறது, என்ன செல், எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. அதையும் ஒப்புதல் படிவத்தையும் வைத்து மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம். வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் நீங்களும் கொடுங்கள், யார் என்ன சொன்னாலும் உங்கள் கண் டாக்டரைக் கேட்காமல் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.