கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் துருத்தண்ணீர்: அடைப்பதா, சுண்ணாம்பு போடுவதா, குளம் வெட்டுவதா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஓல்ட் ஃபோர்ஜ் என்ற ஊரில், லாக்கவானா ஆற்றோரம் 42 அங்குல அகலத்தில் ஒரு துளை இருக்கிறது. 1959 ஜனவரி 22 அன்று சஸ்குவஹான்னா ஆறு நாக்ஸ் சுரங்கத்தின் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன்பின் அந்தப் பள்ளத்தாக்கில் நிலத்தடிச் சுரங்கத்தொழில் முடிவுக்கு வந்தது. பம்புகள் நின்றன, சுரங்க நீர் மேலேறி வீடுகளின் நிலவறைக்குள் வந்தது. அதை வடிக்க 1962-ல் போட்டதுதான் அந்தத் துளை. இன்றும் நாளொன்றுக்கு 15 கோடி முதல் 38 கோடி லிட்டர் வரை அதிலிருந்து கொட்டுகிறது. அங்கிருந்து சஸ்குவஹான்னாவில் கலக்கும்வரை லாக்கவானாவின் கற்கள் எல்லாம் ஆரஞ்சு நிறம்.

இப்படி ஒரு நீரைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் உண்டு. வாயை அடைத்து நீரை உள்ளேயே நிறுத்துவது; பம்பு வைத்து இறைத்து, சுண்ணாம்பு போட்டுச் சுத்திகரிப்பது; மின்சாரமோ ரசாயனமோ இல்லாமல் குளத்திலும் நாணல் படுகையிலும் ஓடவிடுவது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. நீரின் வேதியியலும் அளவும் தெரிந்தால் பெரும்பாலும் பதில் தானாகவே வந்துவிடும். தவறாகக் கட்டிய திட்டங்களில் பல, அளக்காமல் கட்டியவை.

முதலில் பாட்டில் சோதனை

நிலக்கரியோடு இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கரையும்போது ஃபெரஸ் இரும்பும் (நீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இரும்பு) சல்பேட்டும் அமிலமும் உண்டாகின்றன. போகும் வழியில் சுண்ணாம்புப்பாறை இருந்தால் அமிலம் அங்கேயே தணிந்துவிடும். அதனால்தான் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கங்களில்கூட ஒன்றின் நீர் பிஹெச் 6.5, மற்றொன்றின் நீர் 3 என்று வருகிறது.

ஊற்றின் வாயிலேயே ஒரு தெளிவான பாட்டிலில் பாதி நீர் பிடித்து, மீதியைக் காற்றாக விட்டு, குலுக்கி, இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது பெரும்பாலும் குடிநீர் போலத் தெளிவாக இருக்கும். இரண்டாம் நாள் அடியில் துரு படிந்து, மேல்நீர் தெளிந்து, பிஹெச் 6-க்கு மேலேயே நின்றால் அது நிகரக் காரநீர், அதாவது தன் அமிலத்தைத் தானே தணித்துக்கொள்ளும் நீர். பிஹெச் 3, 4 என்று சரிந்தால் நிகர அமிலநீர். இரும்பு துருவாகும்போதே அமிலத்தை விடுவிக்கும் என்பதால், வாயில் பிஹெச் 6 காட்டும் நீர்கூட வெளியே வந்தபின் அமிலமாகலாம். ஒரு மி.கி. இரும்பு சுமார் 1.8 மி.கி. காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தணிக்கும் திறனை, தின்னும். ஊற்றில் எடுத்த பிஹெச் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

காரத்தன்மையை அங்கேயே டைட்ரேஷன் செய்து (அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்து) பாருங்கள்; ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் அது மாறிவிடும். கரைந்த ஆக்சிஜனை, காற்றுப் படும் முன்பு, துளைக்குள் கருவியை இறக்கி அளக்க வேண்டும். ஓட்டத்துக்கு 90 பாகை V வடிவ வெட்டுத் தகடு போதும்: வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் 14 செ.மீ. என்றால் விநாடிக்கு 10 லிட்டர், 18 செ.மீ.க்குச் சற்று மேல் என்றால் 20 லிட்டர். தகட்டுக்குப் பின்னால் சேரும் துருவை மாதாமாதம் வழித்துவிடுங்கள், இல்லையென்றால் அளவு பொய் சொல்லும். இதை ஓர் ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டும். மழைக்கால ஓட்டம் கோடையைப் போலப் பல மடங்கு வரும் சுரங்கங்கள் உண்டு.

இனி ஒப்பிட இரண்டு நீர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் விநாடிக்கு 20 லிட்டர். முதல் நீர்: பிஹெச் 6.4, இரும்பு 30 மி.கி., காரத்தன்மை 200 மி.கி. இரண்டாம் நீர்: பிஹெச் 3.2, இரும்பு 100, அலுமினியம் 15. கூட்டிப் பார்த்தால் அமிலத்தன்மை சுமார் 300 மி.கி. (எல்லாம் லிட்டருக்கு; காரத்தன்மையும் அமிலத்தன்மையும் சுண்ணாம்புக்கல் அளவில்.)

அடைப்பது

கேட்க மிக நியாயமாக இருக்கும் வழி இது. காற்றுப் போகாவிட்டால் பைரைட் கரையாது. நீரில் மூழ்கிய பைரைட்டுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. 1930-களில் அமெரிக்க அரசு வேலைவாய்ப்புத் திட்டங்களில் ஆயிரக்கணக்கான சுரங்க வாய்களைக் காற்றுப்புகாமல் கட்டிப் பார்த்தார்கள். பெரிதாகப் பலன் தரவில்லை. காற்றழுத்தம் கூடிக் குறையும்போது மலையே விரிசல்கள் வழியாக மூச்சு விடுகிறது. வாசலை மட்டும் மூடி என்ன பயன்?

நீரையே உள்ளே தேக்கும் அணைச்சுவர் வேறு கதை. அதில் வேதியியல் சரி, விசை கணக்குதான் பயமுறுத்தும். 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள சுரங்க வாயை அடைத்து, பின்னால் 30 மீட்டர் நீர் ஏறினால் அந்தச் சுவரின்மேல் சுமார் 240 டன் விசை. சுவர் நிற்கும், அதைச் சுற்றியுள்ள பாறை நிற்குமா என்பதுதான் கேள்வி. கசிவு சுவரின் நடுவில் வருவதில்லை, ஓரத்துப் பாறை விரிசலிலும் நிலக்கரி அடுக்கின் வழியாகவும் வரும். மலைச்சரிவில் நிலக்கரி மேலாக இருக்கும் இடத்தில் புதிய ஊற்று பிளக்கும்.

அதைவிட ஆபத்து, பக்கத்துச் சுரங்கத்துக்கு இடையே விட்டுவைத்த தடுப்புக் கரி. அதன் கனம் பழைய வரைபடத்தில் இருப்பதுபோல இருக்காது. 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் க்வீகிரீக் சுரங்கத்தில் 9 பேர் நிலத்தடியில் சிக்கியது இதனால்தான்: பக்கத்திலிருந்த கைவிட்ட சாக்ஸ்மன் சுரங்கம் வரைபடம் காட்டியதைவிட நெருக்கத்தில், நீர் நிறைந்து இருந்தது. 9 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். நீரைத் தேக்க நினைக்கும் யாரும் இந்தச் சம்பவத்தை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெற்றிடத்தைச் சாம்பல் கலந்த காரைக் கலவையால் நிரப்புவதும் உண்டு. மேரிலாந்தின் ஃப்ரேஸி சுரங்கத்தில் 1996-ல் சுமார் 4,300 கன மீட்டர் கலவையை இறக்கினார்கள். அது சின்னச் சுரங்கம். 40 ஹெக்டேர் பரப்பு, ஒன்றரை மீட்டர் கரி அடுக்கு, பாதி வெட்டி எடுத்தது என்று கணக்குப் போட்டால் வெற்றிடம் 3 லட்சம் கன மீட்டர். அவ்வளவு கலவைக்கு எங்கே போவது? ஆகவே அடைப்பது தனியாக நிற்கும், நீர் குறைவான, கரி அடுக்கு உள்நோக்கிச் சரியும் சிறு சுரங்கங்களுக்கு மட்டும். மேகாலயாவின் ஜெயந்தியா மலையில் இருப்பதுபோல எலிவளைகளாகக் குடைந்த இடத்தில், ஆயிரம் வாய்களில் எதை அடைப்பது?

சுண்ணாம்பு போடுவது

நிலைமை கையை மீறும்போது வேலை செய்யும் வழி இது. இங்கிலாந்தின் டரம் கடற்கரையில் டாடன் நிலையம் இந்த வகை. நீர் உப்பு, இரும்பு அதிகம், இடம் குறைவு. விட்டுவைத்தால் குடிநீர் தரும் மக்னீசியச் சுண்ணாம்புப்பாறைக்குள் சுரங்க நீர் ஏறிவிடும். அங்கே நாணலை நட்டுக் காத்திருக்க முடியாது.

நம் இரண்டாம் நீருக்குக் கணக்கு: நாளொன்றுக்கு 17.28 லட்சம் லிட்டர், அதில் அமிலத்தன்மை 518 கிலோ. அதைத் தணிக்க நீற்றிய சுண்ணாம்பு 384 கிலோ. கரையாமல் போவதையும் சேர்த்து 430 கிலோ என்று வையுங்கள். ஆண்டுக்கு சுமார் 157 டன். சுண்ணாம்பைக் கலக்கும் முன்பே நீரைக் காற்றில் நன்றாக அடித்துவிடுவது நல்லது. கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாவிட்டால் அதுவும் சுண்ணாம்பைத் தின்னும், உங்கள் செலவில்.

பிறகு கலக்கித் தொட்டியில் பிஹெச் 8.3 முதல் 8.5. பிஹெச் ஒரு படி ஏறினால் இரும்பு துருவாகும் வேகம் நூறு மடங்கு கூடும். அதனால்தான் இந்த அளவில் எல்லாம் நிமிடங்களில் முடிகிறது. மாங்கனீசையும் எடு என்று நீரை வெளிவிடும் அனுமதியில் எழுதியிருந்தால் சிக்கல்: அதற்கு 9.5-க்கு மேல் வேண்டும், அங்கே அலுமினியம் திரும்பக் கரைய ஆரம்பிக்கும். இரண்டும் இருந்தால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்.

கெட்டுப்போவது எங்கே? பிஹெச் கருவியின் நுனியில் இரும்பும் ஜிப்சமும் பூசிக்கொள்ளும். வாரம் ஒருமுறை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவாவிட்டால் அது காட்டும் எண்ணை நம்பிச் சுண்ணாம்பு கூடவோ குறையவோ கொட்டும். சுண்ணாம்புப் பால் செல்லும் குழாய் வளைவுகளில் கல்லாகும். வளையும் ஹோஸ் போட்டு, நிறுத்தும்போதெல்லாம் வெறும் நீர் விட்டுக் கழுவுங்கள். மின்சாரம் போனால் பம்பு நிற்கும், சுரங்க நீர் ஏறும். எத்தனை நாளில் எந்த மட்டத்தை எட்டும் என்பது எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

ஆனால் இந்த வழியின் உண்மையான சுமை சேறு. இரண்டாம் நீரில் நாளுக்கு சுமார் 400 கிலோ உலர்சேறு, ஆண்டுக்கு 148 டன். அது நீரில் ஊறியபடி 3 சதவீதத் திடப்பொருளோடு வந்தால் கிட்டத்தட்ட 4,900 டன் சுமக்க வேண்டும். படிந்த சேற்றில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்து, புதிய சுண்ணாம்போடு முதலில் கலந்து, அதன்பின் சுரங்க நீரில் விட்டால், துரு பழைய துகள்களின்மேலேயே வளர்ந்து கனமாகிறது. 25 சதவீதம் கிடைத்தால் அதே சேறு 600 டன்னுக்குள் அடங்கும். புதிதாகக் கட்டும் நிலையத்தில் இந்தச் சுழற்சிக் குழாயை விட்டுவிடுவது பெரிய தவறு.

குளமும் நாணலும்

முதல் நீருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இரும்பு நாளுக்கு 52 கிலோ. சதுர மீட்டருக்கு நாளுக்கு 10 கிராம் என்ற நடைமுறை விதிப்படி 5,200 சதுர மீட்டர், அதாவது 1.3 ஏக்கர். படிக்கட்டு அருவி ஒன்றில் நீரை விழவைத்தால் லிட்டருக்கு 8 மி.கி. அளவுக்கு ஆக்சிஜன் ஏறும், ஒரு மி.கி. இரும்புக்கு 0.14 மி.கி. ஆக்சிஜன் போதும் என்பதால் ஓர் அருவி 50 மி.கி. இரும்பைத் தாங்கும். அதற்குமேல் இருந்தால் குளங்களுக்கு நடுவே இன்னொரு அருவி. குளம் 2 மீட்டர் ஆழம், இரண்டு இணையாக, ஒன்றைத் தூர்வாரும்போது மற்றொன்று ஓட. கடைசியில் 15 முதல் 30 செ.மீ. நீரில் நாணலும் சம்பும். நாணல் கடைசிச் சில மில்லிகிராம் துருவை வடிகட்டத்தான். அதைக் கொண்டுபோய் முதலில் வைத்தால் சில ஆண்டில் சேற்றில் புதைந்துவிடும்.

இந்தக் குளத்தில் படிவது ஆண்டுக்கு 350 கன மீட்டர் அளவு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தூர்வாரினால் போதும். பென்சில்வேனியாவின் மார்ச்சண்ட் சுரங்கத்தில் 2006 முதல் ஆறு குளங்களும் ஒரு சதுப்புநிலமும் லிட்டருக்கு 70 மி.கி. அளவிலான இரும்பை ஒரு பிடி சுண்ணாம்புகூட இல்லாமல் பிடிக்கின்றன. படிந்த துரு தூய்மையானது என்பதால் நிறமியாக விற்கப்படுகிறது.

அதே குளத்தில் இரண்டாம் நீரை விட்டால் தோல்விதான். அமிலநீருக்கு சதுப்புநிலம் மட்டும் என்றால் சதுர மீட்டருக்கு நாளுக்கு 3.5 கிராம் அமிலத்தன்மை என்ற கணக்கில் 36 ஏக்கர் வேண்டும். மேலே மக்கிய காளான் உரம், கீழே முக்கால் மீட்டர் சுண்ணாம்புக்கல் வைத்து நீரை மேலிருந்து கீழே இறக்கும் குளம் கட்டினால் 5 ஏக்கர், அதன்பின் துரு படிய 4 ஏக்கர். ஆனால் லிட்டருக்கு 15 மி.கி. அலுமினியம் வெள்ளைக் களியாகக் கற்களின் இடைவெளியை அடைக்கும். அடிக்குழாய் வால்வைத் திறந்து அவ்வப்போது வேகமாக வடித்துவிட வேண்டும். அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அடைபடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை நீர் உண்டு: லேசான அமிலம், ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, அலுமினியம் இல்லை, இரும்பு முழுக்க ஃபெரஸ். அதற்குக் காற்றுப்படாமல் புதைத்த சுண்ணாம்புக்கல் வாய்க்கால் அருமையாக வேலை செய்யும். அதே 20 லிட்டர் ஓட்டத்துக்கு 15 மணிநேரம் நீர் தங்க 3,500 டன் கல். 20 ஆண்டு கரைவதற்குக் கூடுதலாக 4,200 டன். இந்த இரண்டாவது எண்ணை மறந்து கட்டியவை பாதி வயதிலேயே பலவீனமாகும். ஆக்சிஜனோ அலுமினியமோ லிட்டருக்கு ஒரு மி.கி. தாண்டினால் இதைத் தொடாதீர்கள். கற்கள் துருக் கவசம் பூண்டு சும்மா கிடக்கும்.

காலம் எதை மாற்றும்

சுரங்கம் முதன்முதலாக நிரம்பி வழியும்போது வரும் நீர்தான் மோசமானது. பைரைட் கரைந்து சுவர்களில் படிந்த பழைய உப்புகள் எல்லாம் ஒரே அடியாகக் கரைந்து வரும். நிரம்ப எடுத்த காலத்தைப் போல நான்கு மடங்கு காலத்தில் அது தணியும் என்பது களத்தில் புழங்கும் மதிப்பீடு. அந்த முதல் நீரைப் பார்த்து நிரந்தரச் சுண்ணாம்பு ஆலை கட்டினால் பின்னால் அதிகப்படி. டரத்தின் ஹார்டனில் செய்தது சரியான வரிசை: முதலில் தற்காலிகச் சுண்ணாம்பு நிலையம், இரும்பு குறைந்தபின் 2011-ல் குளமும் நாணலும்.

ஓல்ட் ஃபோர்ஜுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 20 கோடி லிட்டர், லிட்டருக்கு 10 மி.கி. இரும்பு என்று வைத்துக்கொண்டாலே 2 டன் இரும்பு. குளத்துக்கு மட்டும் 20 ஹெக்டேர், கிட்டத்தட்ட 50 ஏக்கர். இருபுறமும் வீடுகளும் ரயில்பாதையும் நெருக்கும் ஆற்றங்கரையில் அவ்வளவு சமநிலம் கிடையாது. துளையை அடைத்தால் நீர் மறுபடியும் நிலவறைகளுக்குள் ஏறும். மிஞ்சுவது காற்றூட்டமும் சுண்ணாம்பும் சேறு திரும்பும் குழாயும் கொண்ட நிலையம்தான். அதற்கு முதலில் எழுதிவைக்க வேண்டிய செலவு கட்டுமானச் செலவு இல்லை. ஐம்பது ஆண்டுக்கான மின்சாரமும் சேறு கொட்டும் இடமும்.