தரமணி ரோஜா முத்தையா நூலகம்: ஓர் ஆய்வு மாணவியின் மதிப்புரை

வரலாற்றுச் சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? அதிலும் என்னைப்போல வரலாறே படிக்காமல் வந்தவரா? அப்படியானால் முதலில் போக வேண்டிய இடம், சென்னை தரமணியில் மத்திய பாலிடெக்னிக் வளாகத்தில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

நான் படித்தது பி.காம்., பிறகு சமூகவியலில் எம்.ஏ. அங்கே ஆய்வுமுறை என்றால் வினாநிரல், மாதிரிக் கணக்கெடுப்பு, கணினியில் அட்டவணை, அவ்வளவுதான். நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தால் எங்கே போய்த் தேடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் துறையின் முன்னோடிகளும் இதில் அதிகம் உதவ மாட்டார்கள். 1966இல் பாரிங்டன் மூரும் 1979இல் தீடா ஸ்காச்போலும் பல நாடுகளை ஒப்பிட்டு எழுதிய பெரிய ஆய்வுகள், பெரும்பாலும் வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்த நூல்களையே நம்பி நின்றவை. ஒருவர் செய்த விளக்கத்தையே சான்றாக எடுத்துக்கொள்வது எப்படிச் சரியாகும் என்று 1991இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜான் கோல்ட்தார்ப் கேட்டார். அந்தக் கட்டுரையைப் படித்ததிலிருந்து மூலச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் ஒரு அத்தியாயமும் எழுதக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

என் தலைப்பு, பர்மாவில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நடத்திய லேவாதேவித் தொழில். எண்களுக்குக் குறைவில்லை. 1929–30இல் அமர்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே அவர்கள் கொடுத்திருந்த கடனைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதன்பின் நெல் விலை சரிந்தது. கடனை அடைக்க முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1937இல் 25 சதவீதத்தை எட்டியது. இதெல்லாம் ஆங்கில அறிக்கைகளிலேயே கிடைத்துவிடும். அந்த வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக (கடைநிலை எடுபிடியாக) சேர்ந்து, அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு அடுத்த நிலை உதவியாளராகி), ஏஜெண்டாகத் தவணைக்கு (குறித்த கால ஒப்பந்தத்துக்கு) கப்பலேறியவர்கள் தங்களுக்குள் தமிழில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அந்த அறிக்கைகளில் இல்லை. அதற்குத்தான் தரமணி.

இந்தத் தொகுப்பைச் சேர்த்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கடல் கடந்து கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994இல் நூலகமாக்கியது. இந்த முடிவுக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். உதவித்தொகை தாமதமாக வரும் மாணவர்கள் சிகாகோவுக்கு எப்படிப் போவது? அரிய நூல்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் அவர் பத்திரப்படுத்தினார். செட்டிநாட்டைப் பற்றி ஆராய்பவருக்கு இது தாய்வீடு.

ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். பழைய இதழ் ஒன்றின் கடைசிப் பக்கங்களில், பாடசாலை ஒன்றுக்கு வந்த நன்கொடைப் பட்டியல். பொடி எழுத்து, ஓரம் அரித்த தாள். பெயருக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்துகளில் விலாசம், எதிரே ஊர், அதற்கு எதிரே ரூபாய். ரங்கூன், பெகு, மோல்மேன், பியாப்பொன். விலாசம் என்பது கடையின் அடையாளம். ஒரே விலாசம் எந்தெந்த ஊரில் வருகிறது என்று வரிசைப்படுத்தினால் கிளைகளின் வலைப்பின்னல் தெரிய ஆரம்பிக்கிறது. பேரேடும் ஐந்தொகையும் படித்த பி.காம். மூளைக்கு அந்தப் பட்டியல் ஒரு பொக்கிஷம். சமூகவியல் வகுப்பில் உறவு, நம்பிக்கை, கடன் என்று தனித்தனியாகப் படித்தவை அங்கே ஒரே வரியில் அச்சாகியிருந்தன.

ஊழியர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை முழுமையாகாது. தலைப்பைச் சொன்னால் போதாது, என்ன கேள்வி என்பதையும் சொல்லுங்கள். நாம் கேட்ட நூலோடு, கேட்கத் தெரியாத இன்னொன்றையும் காட்டுவார்கள். வரலாற்றுப் பயிற்சி இல்லாதவருக்கு அது ஒரு பாடம்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். எனவே போகுமுன் இணையத்தில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரங்கூன், இரங்கூன் என்று எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள். இந்த நூலகத்தின் பலம் அச்சில் வந்தவை. நிலப் பதிவுகளும் அரசாணைகளும் வேண்டுமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். பறக்கும் ரயிலில் வருபவர்கள் தரமணி நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் பக்கம்தான்.